லயமும் லைனும்

கிள்ளான் கடைத்தெருவிலும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் தமிழர் வாயில் ஓயாது உலவும் ஆங்கிலச் சொல் ‘லைன்’. கைப்பேசி இணைப்பு அறுந்தால் ‘லைன் இல்லை’. வரிசையில் நிற்பது ‘லைனில் நிற்பது’. நூலின் வரியும் லைன். தாளில் இட்ட கோடும் லைன். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைத்த இரயில் தடமும் லைன். ஒருவர் செய்யும் தொழில்துறையும் லைன். வழியில் தடையில்லையேல் ‘லைன் கிளியர்’. ‘ஒரே சொல் இத்தனை பணி செய்கிறதே, ஆங்கிலத்தின் ஆற்றலே ஆற்றல்!’ என வியப்பாரும் உளர்.

அவ்வியப்புக்கு இடமில்லை. ஆளிநார் நூலைக் குறித்த இலத்தீன் சொல்லே லைனுக்கு மூலம். இழுத்துப் பிடித்த நூல் கோட்டுக்குப் பெயராயிற்று. கோடு வரிசைக்கும் தடத்திற்கும் பெயராயிற்று. இவ்வாறு பொருள் கிளைத்தல் எல்லா மொழிக்கும் இயல்பு. ஒரு சொல் பல பொருள் தருதலைத் தொல்காப்பியர் உரியியலில் அன்றே வகுத்தார். ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்கு நன்னூலார் 13 பொருள் காட்டினார். அவ்வளவு ஏன்? கோட்டையும் எழுத்தின் வரியையும் அரசிறையையும் இசைப்பாட்டையும் ‘வரி’ என்னும் ஒரு தமிழ்ச் சொல்லே சுமக்கவில்லையா? சிலம்பின் கானல்வரியைக் கற்ற மாணவன் லைனைக் கண்டு மலைக்கலாமா?

‘பிறமொழிச் சொல்லைத் தொடவே கூடாதோ?’ எனின், வாதம் அஃதன்று. தோட்டத்து மக்கள் இதே சொல்லை முன்னரே கடன் வாங்கினர். இரப்பர்த் தோட்டங்களில் வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பை ‘லயம்’ என்றும் ‘லயன்’ என்றும் வழங்கினர். புதிய பொருளுக்கு ஒரு சொல். அதுவும் தமிழ் நாவுக்கு இசைந்த வடிவில். அது எந்தத் தமிழ்ச் சொல்லையும் வெளியேற்றவில்லை.

இன்றைய லைனோ இணைப்பு, வரிசை, வரி, கோடு, தடம், துறை, வழி என ஏழு சொற்களைத் துரத்திவிட்டு அவற்றின் இருக்கையில் அமர்கிறது. ஆங்கிலேயர் லைன் என்றாலும், கியூ, ரோ, டிராக் முதலியனவும் அவர் நாவில் உயிரோடிருக்கின்றன. தமிழ்ச் சிறுவனுக்கோ லைன் ஒன்றே எஞ்சுகிறது. வரிசைக்கும் வரிக்கும் வேறுபாடு அறியாது அவன் கட்டுரையில் தடுமாறினால், குற்றம் அவனுடையதன்று. ‘லைன் கட்டி நில்லுங்கள்’ என்று நாள்தோறும் ஏவிய ஆசிரியருடையது.

‘வரிசையில் நில்லுங்கள், முதல் வரியைப் படியுங்கள், அதன் அடியில் கோடிடுங்கள்.’ மூன்று ஏவல், மூன்று சொல். இதற்குச் சட்டமும் வேண்டா, மாநாடும் வேண்டா. ஆசிரியர் மனம் வைத்தால் நாளைக் காலை முதல் மணியிலேயே தொடங்கலாம்.