உபுண்டுவில் ஓடினால் லினக்ஸில் ஓடியதாகுமா?

'என் மெஷின்ல ஓடுதே' என்பது பழைய சாக்கு. இப்போது அது சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது: 'டெஸ்ட் எல்லாம் பச்சையா இருக்கே!' அந்தப் பச்சை விளக்கு எங்கே எரிந்தது என்று கேட்டுப் பாருங்கள். பல திட்டங்களில் ஒரே ஓர் உபுண்டுவில், அதிலும் ஒரே ஒரு பதிப்பில். அதை வைத்துக்கொண்டு முகப்பில் 'லினக்ஸில் இயங்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிப் பொய் என்றால் கோபம் வேறு வருகிறது.

லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும்தான். அதன்மேல் ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. ஷெல் வேண்டும் என்று பொதுப்பெயரில் கூப்பிட்டால் ஃபெடோராவில் பாஷ் வரும், டெபியனில் டாஷ் வரும், ஆல்பைனில் பிஸிபாக்ஸ் வரும். பாஷுக்கு மட்டும் புரிகிற வரியை எழுதிவிட்டால் ஓரிடத்தில் தேறும், இன்னோரிடத்தில் விழும். இது சின்ன விஷயம், உடனே கண்ணில் படும். என் சண்டை கண்ணில் படாத தவறுகளோடு.

அகர வரிசையையே எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் கிளிப்சி என்ற சி நூலகத்தின் 2.28 பதிப்பு வந்தது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகளை அதில் புதுப்பித்தார்கள். அமெரிக்க ஆங்கில அமைப்பில் அதுவரை '11' முதலில், '1-1' அடுத்து. அதன்பின் தலைகீழ். இதில என்ன இருக்கு என்கிறீர்களா? போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் தன் இண்டெக்ஸை இந்த வரிசையை நம்பித்தான் அடுக்கி வைக்கிறது. டெபியன் 9-லிருந்து 10-க்கும், ரெட்ஹாட் 7-லிருந்து 8-க்கும் போனவர்களிடம் அடுக்கிய வரிசை ஒன்று, தேடுகிற வரிசை வேறொன்று. நூலகத்தில் அட்டைகளை ஒருவர் அடுக்க, வேறோர் அகராதியை மனதில் வைத்து இன்னொருவர் தேடுவது மாதிரி. புத்தகம் அலமாரியில் இருக்கும். இல்லை என்று பதில் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே பெயர்ப்பட்டியலை இரண்டு டிஸ்ட்ரோவிலும் வரிசைப்படுத்தி ஒப்பிடும் ஒரே ஒரு டெஸ்ட் இருந்தால் இது பிடிபட்டிருக்கும்.

ஆல்பைனில் கதை இன்னும் வேறு. அங்கே இருப்பது மஸ்ல் என்ற நூலகம். அது மொழி விதி எதையும் பார்ப்பதில்லை, பைட் வரிசைதான். யூனிகோடில் 'ற' முன்னால், 'ல' பின்னால். ஆகவே நம் அகராதியில் 'கலம்' முடிந்து வரவேண்டிய 'கறி', ஆல்பைனில் முந்திக்கொள்ளும். தமிழுக்குச் செயலி எழுதுகிற நண்பர்கள் இதையாவது ஓட்டிப் பார்க்கலாம்.

'டாக்கர்ல போட்டுக் குடுத்துட்டா முடிஞ்சுது' என்பார்கள். டாக்கர் டிஸ்ட்ரோவை ஒழிப்பதில்லை, ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறது. அளவு குறையட்டும் என்று யாரோ ஒருநாள் டெபியன் பெட்டியை ஆல்பைனாக மாற்றுவார்கள். பழைய தரவு அப்படியே இருக்கும், வரிசை மட்டும் மாறியிருக்கும்.

இதற்கெல்லாம் உழைப்பது யார்? டிஸ்ட்ரோக்களில் பொதி கட்டுகிறவர்கள், பலர் சம்பளமில்லாதவர்கள். டெபியன் பொதிகளோடு வரும் டெஸ்ட்களைத் தானே ஓட்டுகிறது. ஓப்பன்சூசே, ஓப்பன்கியூஏ வைத்து முழு அமைப்பையும் நிறுவிப் பார்க்கிறது. அவர்கள் பிழையைக் கண்டுபிடித்து அனுப்பினால் கிடைக்கிற பதில் பல நேரம் இதுதான்: 'உங்க டிஸ்ட்ரோவை நாங்க சப்போர்ட் பண்றதில்ல.' சிலர் அந்த டெஸ்ட்டையே அங்கே ஓடாதபடி தள்ளிவைத்துவிட்டு 'சரிசெய்தாயிற்று' என்று மூடுகிறார்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம்.

இருக்கிற எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓட்டச் சொல்லவில்லை. மூன்று போதும்: நிதானமாக நகரும் டெபியன், புதிதைச் சீக்கிரமே எடுக்கும் ஃபெடோரா, நூலகமே வேறான ஆல்பைன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேண்டாம், இரவில் ஒருமுறை ஓடட்டும். ஒன்றில் மட்டும் விழுந்தால் முதல் சந்தேகம் உங்கள் கோட்மேல் வரட்டும், டிஸ்ட்ரோமேல் அப்புறம் பார்க்கலாம். முதல் வாரம் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும்.