பூனைக் கதவுக்கு ஏ.ஐ. எதுக்குங்க?

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக் எங்கேன்னு தேட மாட்டாங்க. எர்ரர் மெசேஜ் மட்டும் ஸ்க்ரீன்ல வராமப் பண்ணிட்டு டிக்கெட்டை மூடிடுவாங்க. இப்ப அது பூனை வரைக்கும் வந்துடுச்சு மக்களே.

வெள்ளைக்காரங்க வீட்டுக் கதவோட அடியில பூனைக்குன்னு ஒரு குட்டி ஆட்டக் கதவு இருக்கும். பழக்குறது சுலபம். முதல்ல அதைத் தூக்கிக் கட்டிட்டு அந்தப் பக்கம் நின்னு தீனி காட்டணும், அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். ஐயா தலையால முட்டித் திறக்கப் பழகிடுவார். பழகின கையோட ஒரு எலியையோ குருவியையோ கவ்விட்டு வந்து கார்ப்பெட்ல போட்டுட்டு, 'எப்பூடி?'ன்னு நம்மளைப் பார்ப்பார்.

2019ல் சியாட்டில்ல ஒரு அமேசான் ஊழியர் இதுக்கு கேமரா வெச்சு இமேஜ் ரெகக்னிஷன் பண்ணினார். வாயில இரை இருந்தா கதவு 15 நிமிஷம் பூட்டிக்கும். ஒரே கைதட்டல். 2024ல் லாஸ் வேகாஸ் கண்காட்சிக்கு ஒரு சுவிஸ் கம்பெனி இதையே சரக்கா கொண்டு வந்துடுச்சு.

அட ராசா, குருவி செத்தது தோட்டத்துல. நீ செக் பண்றது வாசல்ல. பொழைச்சது உன் கார்ப்பெட் மட்டும்தானே? (சியாட்டில்காரருக்கு இது தெரியும். பூனை மாட்டும்போதெல்லாம் ஆடுபான் பறவைச் சங்கத்துக்குக் காசு போற மாதிரி எழுதியிருந்தார். அபராதம்!)

"எங்க வீட்டுது இப்ப ஒண்ணுமே பிடிக்கிறதில்லை"ன்னு சொல்றவங்க இன்னும் மோசம். அமெரிக்காவுல ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்காரங்க 55 பூனைங்க கழுத்துல கேமரா மாட்டிப் பார்த்து 2013ல் எழுதினாங்க. பிடிச்சதுல வீட்டுக்கு வந்தது 23 சதவீதம். 28 தின்னது, 49 கொன்ன இடத்துலயே விட்டுட்டு வந்தது. நாலுல ஒண்ணு கூட லாக்ல ஏறலை, இவங்க லாக்கைப் பார்த்து சர்ட்டிபிகேட் குடுக்குறாங்க.

உருப்படியான வேலையும் நடந்திருக்கு. 2021ல் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 355 பூனைங்களை வெச்சுப் பார்த்தது. இறைச்சி நிறைய இருக்குற தீனிக்கு மாத்தினா வீட்டுக்கு வர்ற இரை 36 சதவீதம் குறையுது. தினம் 5-10 நிமிஷம் கூட விளையாடினா 25 சதவீதம். இதுவும் வீட்டுக்கு வந்த கணக்குதான், ஆனா இங்கே கதவு யாரையும் மறிக்கலை. இதோட விடியற நேரமும் அந்தி நேரமும் குட்டிக் கதவைத் தாழ் போட்டா இன்னும் கொஞ்சம் குருவி தப்பிக்கும். இதுல எதுக்குமே புரோகிராம் எழுதற ஆணி கிடையாது, அதனாலதான் நம்ம ஆளுங்களுக்கு ருசிக்கலை.

"வேட்டை அதோட இயல்பு சார்"னு கிளம்புவீங்க. இரை குறைஞ்சா காட்டுப் பூனையும் பட்டினியில குறையும். இது டின் சாப்பாடு தின்னுட்டு வேட்டைக்குப் போற ஜந்து. தோட்டத்துல கடைசிக் குருவி போனாலும் ராத்திரி எட்டு மணிக்கு இதுக்குத் தட்டு நிரம்பிடும். அதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க :-)