அச்சமே அவர்கள் முதல்



“இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?” என்று கேட்டு நகைப்பது நம் விடுதிகளில் வழக்கமாகிவிட்டது. 2025 நவம்பரில், இதே பெங்களூரில் மென்பொருள் துறையில் பணியாற்றும் அம்மையார் ஒருவர் ஏறத்தாழ 32 கோடி ரூபாயைப் பறிகொடுத்தார் என்ற செய்தி வெளியானபோதும் அந்த நகைப்பைக் கேட்டேன். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை.

அவர் பேராசையால் கெட்டவர் அல்லர். உங்கள் பெயரிலுள்ள கூரியர்ப் பொதியில் போதைப்பொருள் அகப்பட்டது என்று தொலைபேசியில் ஒரு குரல் மிரட்டியது. சி.பி.ஐ. அதிகாரி என்று மற்றொரு குரல் அதட்டியது. கணினித் திரை வழியாகவே அவரைக் ‘காவலில்’ வைத்தார்கள். சேமிப்பையெல்லாம் சரிபார்க்க அனுப்புங்கள், குற்றமில்லையெனில் திருப்பித் தருவோம் என்றார்கள். மாதக்கணக்கில், 187 தடவை பணம் போயிற்று!

இதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர். இந்நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதை எடுத்துச் சொன்னார். கொள்ளை நின்றபாடில்லை. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு ஆணையிட்டது. எந்தப் பெயரைச் சொல்லித் திருடர் மிரட்டினரோ, அந்தப் பெயருடையவரே திருடரைத் தேட வேண்டியதாயிற்று, விந்தைதான்!

2019இல் இந்நகரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் கவிழ்ந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அங்கே தூண்டில் இலாபம். இங்கே தூண்டில் அச்சம். இலாபம் என்றால் நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்போம். அச்சம் நம் வாயைக் கட்டிவிடுகிறது. அதனால்தான் “யாரிடமும் சொல்லாதே” என்பது இக்கயவர்களின் முதற்கட்டளையாக இருக்கிறது. அறை நண்பனிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் கட்டிய கோட்டை சரிந்துவிடும். அது அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் நம் நகைப்பு யாருக்கு உதவுகிறது? நாளைக்கு ஏமாறப்போகும் மாணவன் இன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பணம் போனாலும் போகட்டும், மானம் போகக்கூடாது என்று அவன் வாய் திறக்கமாட்டான். ஊரைவிட்டு வந்த நமக்கு இது இன்னும் பெரிய இடர். கன்னடம் அரைகுறை, இந்தி அதுவுமில்லை. காவல் நிலையம் என்றாலே கால் நடுங்குகிறது. அதிகாரக் குரலில் எவன் பேசினாலும் “சார், சார்” என்று பணிந்துவிடுகிறோம்.

வாய் திறப்பதிலும் நேரம் முக்கியம். போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருப்பதில்லை. நிமிடங்களில் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து ஓடிவிடும். 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால், எஞ்சியதை வங்கிகள் ஆங்காங்கே முடக்க வழியுண்டு. வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ஆண்டு எதுவென்று நினைவிருந்தால் இந்த எண் மறக்காது. யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டியதே இல்லை. எவனாவது அதைப் போடச் சொன்னால், கொடுக்க வரவில்லை, எடுக்க வருகிறான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பத்துக் கணக்குகள் யாருடையவை? சில நம்மைப்போன்ற மாணவர்களுடையவை! “உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் சிலநாள் கொடு, தரகு தருகிறோம்” என்று வருவார்கள். கைச்செலவுக்குத் திண்டாடும் பையனுக்கு அது வாடகை வருமானமாகத் தோன்றும். திருட்டுப் பணம் அக்கணக்கு வழியே ஓடும். காவலர் முதலில் தட்டுவது கணக்குக்குரியவன் கதவைத்தான். தெரியாது என்று அவன் அழுதாலும், எங்கோ ஒரு முதியவரின் ஓய்வூதியம் அவன் பெயரில்தான் கைமாறியிருக்கிறது. ஏமாந்தவரை எள்ளும் நாம், இவனைக் கெட்டிக்காரன் என்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கன்னடம் நன்கறிந்த இருவரைத் தேர்ந்து, ஏமாந்த மாணவனோடு காவல் நிலையத்துக்குத் துணையாகப் போகும் பொறுப்பை அவர்களிடம் விடலாம். எந்நேரமும் அழைக்கத்தக்க அவர்கள் எண்ணைப் படிப்பகக் கதவில் ஒட்டலாம். பொங்கல் விழாச் செலவோடு பார்த்தால் இதற்கு ஆவது ஒன்றுமில்லை. அடுத்த செயற்குழுவிலேயே செயலாளர் இதை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.