டியானா டர்பின் - காணாம போனவங்க இல்லீங்க!

பழைய ஹாலிவுட் நடிகைகள் பத்தி எழுதறவங்க டியானா டர்பின் பேரு வந்தாலே, "பாவம், பாதியிலேயே காணாம போயிட்டாங்க"ன்னு முடிச்சுடறாங்க. எனக்கு அந்த 'பாவம்'ல உடன்பாடு இல்லை.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: 1921-ல கனடாவுல வின்னிபெக்ல பிறந்தவங்க. 1936-ல எம்.ஜி.எம். எடுத்த 'எவ்ரி சண்டே' குறும்படத்துல ஜூடி கார்லண்டும் இவங்களும் சேர்ந்து பாடி நடிச்சாங்க. ஜூடிக்கு ஜாஸ், இவங்களுக்கு ஆபரா. எம்.ஜி.எம். ஜூடியை வச்சுக்கிட்டு இவங்களை விட்டுடுச்சு. கடன்ல தத்தளிச்ச யுனிவர்சல் கொத்திக்கிட்டுப் போச்சு. அதே வருஷம் வந்த 'த்ரீ ஸ்மார்ட் கேர்ள்ஸ்' செம ஹிட்! கம்பெனியைக் கரை சேர்த்ததே இந்தப் பொண்ணுதான்னு சொல்லுவாங்க. 1939-ல சிறார் ஆஸ்கர் வேற.

புகழ் எந்த அளவுன்னா, ஆன் ஃப்ராங்க் ஒளிஞ்சிருந்த அறையோட சுவத்துல இவங்க படம் இருக்கு. சத்யஜித் ரே 1992-ல ஆஸ்கர் வாங்கினப்ப, பள்ளிப் பையனா இருந்த காலத்துல டியானாவுக்கு லெட்டர் போட்டு பதில் வந்ததை சந்தோஷமா சொன்னார்.

ஆனா வளர்ந்த பெண்ணை ஸ்டுடியோ வளர விடலை. 1944-ல 'கிறிஸ்துமஸ் ஹாலிடே'ன்னு ஒரு இருட்டான படம் பண்ணிப் பார்த்தாங்க. அதுக்கப்புறமும் பெரும்பாலும் அதே லேசான பாட்டுப் படங்கள்தான். கடைசிப் படம் 1948-ல. வயசு 26! 1950-ல டைரக்டர் சார்லஸ் டேவிட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, பாரீஸ் பக்கத்துல ஒரு கிராமத்துல செட்டில் ஆயிட்டாங்க.

"மார்க்கெட் போச்சு, அதான் கிளம்பிட்டாங்க"ன்னு சிலர் சொல்றாங்க. கடைசிப் படங்கள் சரியா போகலைங்கறது நிஜம்தான். ஆனா அப்புறமும் கூப்பிட்டாங்களே, ஏன் திரும்பி வரலை? கையில காசு இருந்ததால முடிஞ்சதுன்னா, அதை ஒத்துக்கறேன். ஆனா காசு சேர்ந்த எத்தனை பேருக்கு 'போதும்'னு சொல்ல வருது?

ஜூடி 1969-ல 47 வயசுல போய்ச் சேர்ந்தாங்க. மாத்திரையும் வேலையுமா அவங்களைப் பிழிஞ்செடுத்ததுல ஸ்டுடியோவுக்கும் பங்கு உண்டு. டியானா 2013 வரைக்கும், 91 வயசு வரைக்கும் வாழ்ந்தாங்க. நடுவுல பேட்டின்னு கொடுத்தது ஒண்ணே ஒண்ணு, 1983-ல.

மேடையிலயே உயிரை விடறதுதான் கலைக்குப் பண்ற மரியாதைன்னு நாம பழகிட்டோம். அதனாலதான் பிள்ளைகளை வளர்த்துக்கிட்டு நிம்மதியா இருந்த ஒருத்தரை 'காணாம போனவர்'ங்கறோம். காணாம போனது நம்ம கண்ணுக்குத்தாங்க. அவங்க வீட்டுலதான் இருந்தாங்க :)