யந்திரக் கரமும் வைத்தியர் மதியும்

நூதனக் கருவிகளைக் கண்டு வியத்தல் மக்களியல்பு. ஆயினும் வியப்பு விவேகத்தை மறைத்தலாகாது. சிறுநீரகத்திற்கு இரத்தங் கொண்டுசெல்லும் தமனியின் சுவர் நலிந்து குமிழிபோற் புடைத்தல் அரிதானதொரு நோய். அது வெடிப்பின் உயிருக்கே மோசம், கர்ப்பிணிகட்கோ பேரபாயம். முன்னர் வயிற்றை நெடிதாகக் கீறியே இதனைச் செப்பனிட்டனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்க அனுமதி பெற்ற டாவின்சி யந்திரத்தின் துணையால், இன்று சிறு துவாரங்களின் வழியாகவும் இது நடைபெறுகின்றது.

யந்திரமே சிகிச்சை செய்கிறதெனக் கருதுவாரும் உளர். அஃது உண்மையன்று. அப்பால் அமர்ந்த வைத்தியர் விரலசைக்க, யந்திரக் கரம் அதனைப் பின்பற்றுகின்றது, கைநடுக்கத்தையும் நீக்குகின்றது. இரத்தவோட்டம் நின்ற சிறுநீரகம் ஏறக்குறைய அரைமணி நேரமே பழுதின்றித் தாங்குமாதலின், மணிக்கட்டுப்போற் சுழன்று விரைந்து தைக்க உதவும் அக்கருவி பெரிதும் பயன்படுவதேயாம்.

எனினும், எவரை அறுப்பது, எவரை விடுப்பது என்பதை யந்திரம் அறியாது. துன்பந் தராததும் 3 சென்டிமீட்டருக்கு மேற்படாததுமான புடைப்பைப் பெரும்பாலும் கண்காணித்து வரலாமென்றும், மகப்பேற்றுக்குரிய பெண்களுக்காயின் அளவு நோக்காது சிகிச்சை செய்யலாமென்றும் அமெரிக்க இரத்தக்குழாய்ச் சத்திரவைத்தியர் சங்கம் 2020இல் நெறி வகுத்தது. துவாரம் சிறிதென்பதனாலேயே கத்தியெடுத்தல் நியாயமாகிவிடாது. வருங்கால வைத்தியராம் மாணாக்கர் கருவியைப் பயில்க. கருவி வேண்டாவிடத்து அதனை எடாதிருக்கும் மதியையும் உடன் பயில்க.