சொந்த ஊர் எது? இணைய வரன் தேடலில் தங்கவயல் தமிழர்கள் எதிர்கொள்ளும் கேள்வி

கோலார் தங்கவயல்: திருமணத் தகவல் இணையதளங்களில் பதிவு செய்வோரிடம் தாய்மொழி, மாநிலம், சொந்த ஊர், சாதி, வருமானம் ஆகிய விவரங்கள் கேட்கப்படுகின்றன. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் வாழும் தமிழர்களுக்கு இவற்றில் சில கேள்விகள் எளிதானவை அல்ல. தாய்மொழி தமிழ், மாநிலம் கர்நாடகம். முன்னோரின் ஊரோ, பலரும் நேரில் கண்டிராத வட ஆற்காட்டுக் கிராமம்.

1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியதை அடுத்து, தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் இங்கு குடியேறினர். அவர்களில் பெரும்பான்மையோர் பட்டியல் சாதியினர். தொழிலாளர் குடும்பங்கள் 'லைன்' வீடுகளில் அடுத்தடுத்து வசித்ததால், மாப்பிள்ளையின் குணமும் குடும்ப நிலையும் விசாரிக்காமலே தெரியவந்தன.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் வேலை தேடி மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் பெங்களூரு சென்று திரும்புவது இங்கு வாழ்க்கை முறையாகிவிட்டது. அண்டை வீட்டாரின் சாட்சியம் இருந்த இடத்தில் இன்று கைபேசித் திரையில் தோன்றும் புகைப்படமும் சில வரிகளும் இருக்கின்றன.

திருமணத் தளங்கள் சாதியை வெளிப்படையாகக் கேட்கின்றன. விரும்பிய சாதியை மட்டும் வடிகட்டித் தேடும் வசதியும் அவற்றில் உண்டு. இதனால் தகுதியுள்ள ஒருவரின் விவரம் எதிர்த்தரப்பின் பார்வைக்கே வராமல் போகக்கூடும். டிண்டர் போன்ற டேட்டிங் செயலிகளில் படமும் சுய அறிமுகமும் முன்னிற்கின்றன. ஆனால் பெயரும் ஊரும் தெரிந்தவுடன் அதே கேள்வி உரையாடலில் எழ வாய்ப்புண்டு. எதை முதலில் சொல்வது, எதைப் பின்னர் சொல்வது என்பது இங்கு வெறும் அலங்காரம் அல்ல. புறக்கணிப்பிலிருந்து தற்காத்துக் கொள்ளும் வழியும் ஆகும்.

எனினும், தற்காப்புக்காகச் சொல்லாமல் விடுவது வேறு. பொய் சொல்லி ஏமாற்றுவது வேறு. திருமணத் தளங்கள் பயனாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என மத்திய அரசு 2016 ஜூன் மாதம் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் அடையாள அட்டை பெயரை உறுதிசெய்யுமே தவிர, சம்பளத்தையோ முந்தைய திருமணத்தையோ உறுதிசெய்யாது. அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்வதாக ஏமாற்றிப் பெண்ணுடன் உடலுறவு கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவின்படி குற்றமாகும். இதற்கு 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். இணையவழிப் பண மோசடி குறித்து 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

சட்டம் தண்டிப்பது ஏமாற்றியவரை மட்டுமே. உண்மையைச் சொன்னதற்காகவே ஒதுக்கப்படுபவருக்கு அதில் நிவாரணம் இல்லை. அந்த நிலை நீடிக்கும்வரை, சொந்த விவரங்களை முழுமையாக எழுதுவதில் தயக்கமும் நீடிக்கும்.