நடுநிலையாம், நடுநிலை!



எமது அரசு விண்ணகத்தில். மண்ணக அரசியலில் எமக்குப் பங்கில்லை என்பது யெகோவாவின் சாட்சிகளின் கொள்கை. வாக்குச்சாவடிப் பக்கம் அவர்கள் வருவதில்லை. அதற்கு இட்ட பெயர் நடுநிலை!

1985-இல் கேரளத்துப் பள்ளியொன்றில் அச்சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் ஒலிக்கையில் எழுந்து நின்றனர், பாடவில்லை. பள்ளி விரட்டியது. உயர்நீதிமன்றம் கைவிட்டது. 1986-இல் உச்சநீதிமன்றம் காத்தது. எதைக் காட்டி? மறைநூலையா? அரசியல் சட்டத்தின் 19, 25-ஆம் பிரிவுகளைக் காட்டி! வானத்திலிருந்து விழுந்தவையா அவை? தேர்ந்தெடுக்கப்பட்டோர் அமர்ந்த அவை, வாதாடி வரிவரியாய் வடித்தவை! தீர்ப்பு நன்று, பாடாதிருக்கும் உரிமைக்காக நாமும் வாதாடுவோம். ஆனால், நிழலில் அமர்ந்துகொண்டு, மரத்துக்கு நீர் வார்ப்பது பாவம் என்பதா?

அச்சபையைத் துறந்து முதன்முறை வாக்களிக்க வருவோரை எண்ணிப் பாருங்கள். விலகியோருடன் பழகாதே என்பது அங்கே கட்டளை. பெற்ற தாயே பேசாதொழியும் கொடுமையும் உண்டு. யாருக்கு வாக்கு என்பதை இயந்திரம் மறைக்கும்; இடக்கைச் சுட்டுவிரலின் மையை எதைக்கொண்டு மறைப்பது? வாரக்கணக்கில் அது காட்டிக்கொடுக்குமே! அறிந்தேதான் விரலை நீட்டுகின்றனர்.

நம்மவர் சிலரோ, வெயில் தாழட்டும் என்று திண்ணையில்! (மாநாட்டில் மட்டும் முதல் வரிசை.)

உங்கள் ஊரில் அத்தகையவர் இருப்பின், சாவடி வாயிலில் வளைத்துக்கொள்ளாதீர். எந்தச் சின்னம் என்று கேளாதீர். ஒரு கட்டளையை உதறி வந்தவர், நம் கட்டளையைத் தேடி வரவில்லை. வரிசை எதுவெனக் காட்டுங்கள், வழிவிடுங்கள்.